‘இல்லேன் ஐயா’ என்று யாராவது சொல்ல முடியுமா?

நான் படித்த பள்ளியில் முதல் பாடவேளை தொடங்கும் முன் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிப்பார். ஒவ்வொருவராக எழுந்து “உள்ளேன் ஐயா” என்போம். தமிழ்வழியில் படித்த பலருக்கும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். வராதவன் பெயர் வரும்போது மட்டும் ஒரு சின்ன மௌனம். அப்புறம் அவன் பக்கத்தில் உட்காருகிறவன் எழுந்து “வரல ஐயா” என்பான். பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு குறி விழும்.

‘உள்ளேன்’ என்பதற்கு எதிர்ச்சொல் தமிழில் இருக்கிறது. ‘அறிவு இல்லேன்’ என்றால் ‘அறிவில்லாதவன் நான்’ என்று பொருள். ஆனால் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று வெறுமனே “இல்லேன் ஐயா” என்றால், சொல்கிற நொடியிலேயே அது பொய்யாகிவிடுகிறது. இல்லாதவன் தன் இல்லாமையைத் தானே அறிவிக்க வழியில்லை. இருக்கிற ஒருவன்தான் அவனுக்காகச் சொல்லவேண்டும்.

அப்படியானால் இல்லாமை என்று ஒன்று இருக்கிறதா? ‘ஒன்றுமில்லை’ என்பதும் ஒருவகையில் ‘உள்ள’ ஒன்றா? கேள்வியைக் கேட்டவுடனே நாக்கு பின்னிக்கொள்கிறது. ‘இருக்கிறது’ என்றால் அது இல்லாமை அல்ல. ‘இல்லை’ என்றால் எதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறோம்? இந்தப் பின்னலைத் தர்க்கம் எப்படி அவிழ்க்கிறது என்று பார்ப்போம். கணிதக் குறியீடு எதுவும் தேவைப்படாது.

இதை முதலில் கூர்மையாகப் பிடித்தவர்களில் ஒருவர் பார்மெனிடஸ். கி.மு. 5ஆம் நூற்றாண்டு, இன்றைய தெற்கு இத்தாலியில் இருந்த எலியா என்ற கிரேக்க நகரம் அவருடைய ஊர். அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான்: நினைத்தால் எதையோ நினைக்கவேண்டும், பேசினால் எதையோ பேசவேண்டும். இல்லாததை நினைப்பது என்றால் எதையும் நினைக்காமல் இருப்பதுதான். ஆகவே இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. இதோடு அவர் நிற்கவில்லை. மாற்றம் என்றால் இல்லாமல் இருந்த ஒன்று வந்தாகவேண்டும். இல்லாதது என்பதே கிடையாது என்றால் மாற்றமும் கிடையாது. விதை மரமாவது, பிள்ளை பெரியவனாவது எல்லாம் வெறும் தோற்றம். முடிவை ஏற்க மனம் வராது. ஆனால் வாதத்தில் எந்த இடத்தில் ஓட்டை என்று காட்டுவது லேசான வேலை அல்ல.

இதே சிக்கல் அன்றாடப் பேச்சிலும் ஒளிந்திருக்கிறது. ‘பறக்கும் குதிரை இல்லை’ என்கிறோம். எது இல்லை? பறக்கும் குதிரை. அப்போது அது நாம் சுட்டிப் பேசும் அளவுக்கு எங்கேயோ இருந்தாகவேண்டும் போலிருக்கிறதே! அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் 1948இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலுக்கு ‘பிளேட்டோவின் தாடி’ என்று பெயர் வைத்தார். எத்தனை கத்தியை மழுங்கடித்தாலும் சிரைக்க முடியாத தாடி. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மைனாங் அந்தத் தாடியைச் சிரைக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தவர். தங்கமலை இல்லைதான், ஆனாலும் அது ஒரு பொருள், அது தங்கத்தால் ஆனது என்றார். வட்டமான சதுரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. வட்டமாகவும் வட்டமில்லாமலும் உள்ள ஒரு பொருளுக்கு இடம் கொடுத்துவிட்டால், அப்புறம் எந்த வாதத்துக்கும் காவல் இல்லை.

சரியான முடிச்சைப் பிடித்தவர் ஜெர்மன் கணிதவியலாளர் ஃப்ரெகே என்பது என் எண்ணம். 1884இல் எண்கள் என்றால் என்ன என்று ஆராய்ந்து எழுதியபோது அவர் எடுத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு: வெள்ளிக் கோளுக்கு 0 நிலா. வானத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். வெள்ளிக்கு நிலா இல்லை என்கிறோமே, எந்த நிலா இல்லை? ‘இந்த நிலா’ என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கிடையாது. அப்புறம் அந்த வாக்கியம் எதைப் பற்றியது? ஃப்ரெகேயின் பதில்: அது எந்த நிலாவைப் பற்றியதும் அல்ல, ‘வெள்ளியின் நிலா’ என்ற கருத்தைப் பற்றியது. அந்தக் கருத்தின் கீழ் வரும் பொருள் எதுவும் இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இதன் பலம் நின்று யோசித்தால்தான் தெரியும். சிவப்பு, உருண்டை, கனம் போன்றவை பொருள்களின் பண்புகள். ‘இருத்தல்’ அந்த வரிசையில் வருவதல்ல. ‘ஒரு கருத்துக்குப் பொருந்தும் பொருள்கள் எத்தனை?’ என்ற கேள்விக்கு வரும் பதில் அது. ஒன்றோ அதற்கு மேலோ என்றால் ‘உண்டு’. பூஜ்யம் என்றால் ‘இல்லை’. பறக்கும் குதிரை இல்லை என்று சொல்ல, ஒரு பறக்கும் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து அதன் மேல் இல்லாமை என்ற முத்திரையைக் குத்தவேண்டியதில்லை. உள்ள குதிரைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார், ஒன்றும் பறக்காது, சொன்னது அதுதான். பேச்சு முழுக்க இருக்கிற குதிரைகளைப் பற்றியது.

1905இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதை இன்னொரு படி கொண்டுபோனார். ‘பிரான்ஸின் இப்போதைய மன்னர் வழுக்கைத் தலையர்’ என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்கியம். பிரான்ஸ் குடியரசு நாடு, மன்னர் கிடையாது. வழுக்கையர் பட்டியலில் தேடினாலும் அவர் இல்லை, முடியுள்ளவர் பட்டியலில் தேடினாலும் இல்லை. வாக்கியம் மெய்யா, பொய்யா? ரஸ்ஸல் அந்த வாக்கியத்தைப் பிரித்துப்போட்டார்: பிரான்ஸுக்கு ஒரு மன்னர் இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அவர் யாரோ, அவருக்கு வழுக்கை. முதல் துண்டே பொய். எனவே மொத்த வாக்கியமும் பொய். ‘இல்லாத மன்னர்’ என்று ஓர் ஆளை எங்கேயும் உட்காரவைக்கத் தேவையில்லை.

இனி ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்கே வருவோம். 1929இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கர் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ‘இன்மை’யைப் பெயர்ச்சொல்லாக்கி, அது தன் வேலையைச் செய்கிறது என்பதுபோலப் பேசினார். சில ஆண்டுகளில் கார்னாப் என்ற தர்க்க அறிஞர் அதைக் கடுமையாக மறுத்தார். அவர் காட்டிய எளிய ஒப்பீடு இது. ‘வெளியே என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் ‘மழை’ என்று பதில் வரலாம். ‘அந்த மழை எப்படிப்பட்டது?’ என்று அடுத்துக் கேட்கலாம். அதே கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தால், ‘அந்த ஒன்றுமில்லை எப்படிப்பட்டது?’ என்று கேட்பது சரியாகுமா? ஜெர்மன் மொழியில் இரண்டு பதிலும் ஒரே அச்சில் வரும்: ‘வெளியே மழை இருக்கிறது’, ‘வெளியே ஒன்றுமில்லை இருக்கிறது’ என்பதுபோல. வாக்கியத்தின் உருவம் ஒன்றாக இருப்பதால், உள்ளே இருக்கும் தர்க்கமும் ஒன்று என்று ஏமாந்துபோகிறோம் என்பது கார்னாப்பின் குற்றச்சாட்டு. தர்க்கம் ஆட்சேபிக்கும் என்பது ஹைடெக்கருக்கும் தெரிந்தே இருந்தது. அவர் பேசியது மனிதனைக் கவ்வும் ஒரு பதைப்பைப் பற்றி. அந்த அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘இன்மை இருக்கிறதா’ என்ற நம் கேள்விக்கு அது விடை அல்ல.

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘வெளியே மழை இருக்கிறது’, ‘வெளியே ஒன்றும் இல்லை’. வினையே மாறிவிடுகிறது! மறுப்பு வாக்கியத்தின் முடிவில் போய் உட்கார்கிறது. எழுவாய் இடத்தில் ‘ஒன்றும்’தான் நிற்கிறது. ‘யாரும் வரவில்லை’ என்று கேட்கிற ஒரு தமிழ்க் குழந்தைக்கு, ‘யாரும்’ என்று ஒருவர் வந்தாரோ என்ற சந்தேகம் வர வாய்ப்பே இல்லை. ஃப்ரெகே தேடிப் பிடித்த வடிவம் நம் அன்றாட வாக்கியத்தில் அப்படியே கிடக்கிறது. ஆனால் நமக்கும் ஒரு பொறி உண்டு, அது ‘மை’ என்ற விகுதி. வெறுமை, இன்மை, இல்லாமை என்று எதையும் பெயராக்கிவிடலாம். பெயர் வந்ததும் ஆள் வந்ததுபோல் ஆகிவிடுகிறது. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் ‘இன்மை’ என்றால் வறுமை. பொருள் இல்லாத நிலை. அங்கேயும் அது ‘எதோ ஒன்றின்’ இன்மைதானே தவிர, தனியாக அலையும் ஒன்று அல்ல.

பூஜ்யத்தை இன்மையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். எல்லாரும் வந்துவிட்ட நாளில் பதிவேட்டின் கீழே ‘வராதவர்: 0’ என்று எழுதுவார்கள். அந்த 0 ஒரு தகவல். ‘எத்தனை?’ என்று எண்ணிப் பார்த்துக் கிடைத்த விடை. பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே பூஜ்யத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் எழுதிவைத்தார். விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிற ஒன்றை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லமுடியாது. வெற்றுக்கணமும், அதாவது உள்ளே எதுவும் இல்லாத தொகுப்பும், அப்படித்தான். பையில் எதுவும் இல்லை என்றால் பையில் உள்ள பொருள்கள் 0. அதே பையில் ஒரு காலி டிபன் பாக்ஸ் இருந்தால் பொருள்கள் 1. பாக்ஸுக்குள் ஒன்றும் இல்லை, ஆனால் பாக்ஸ் இருக்கிறது. வெற்றுக்கணம் அந்த பாக்ஸ் மாதிரி. 1923இல் கணிதவியலாளர் ஃபான் நாய்மான் இதை மட்டும் வைத்தே எண்களைக் கட்டிக் காட்டினார். வெற்றுக்கணம் 0, அதை மட்டும் உள்ளே வைத்திருக்கும் கணம் 1, இந்த இரண்டையும் உள்ளே வைத்திருப்பது 2, இப்படியே போகலாம். ‘ஒன்றுமில்லாததிலிருந்து எல்லா எண்ணும் பிறந்தது’ என்று சிலர் இதைப் பரவசமாகச் சொல்வார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து அல்ல, ஒரு காலிப் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டி இருந்தாகவேண்டும். இயற்பியல் சொல்லும் வெற்றிடமும் இன்மை அல்ல. அதற்கு நீள அகலம் உண்டு, ஒளி அதன் வழியே போகிறது.

சரி, உண்மையிலேயே எதுவும் இல்லாத ஓர் உலகம்? பெட்டியும் இல்லை, இடமும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருக்க முடியுமா?

முடியும் என்பதற்கு ஒரு நேர்த்தியான வாதத்தைத் தத்துவ அறிஞர் தாமஸ் பால்ட்வின் 1996இல் முன்வைத்தார். கழித்துக்கொண்டே போகும் வாதம். எண்ணி முடிக்கக்கூடிய அளவு பொருள்கள் மட்டும் உள்ள ஓர் உலகம் இருக்கலாம். அவற்றில் எதுவும் இருந்தே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றை எடுத்துவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொன்று முளைக்கவேண்டும் என்றும் இல்லை. அப்படியானால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம்; கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. எண்களைப் போன்றவை எடுக்கவே முடியாதவை என்று நினைக்கிறவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அதனால் பால்ட்வின் கல், மண் போன்ற பருப்பொருள்களோடு நிறுத்திக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், பாடப்புத்தகத் தர்க்கம் இந்த உலகத்தை ஆரம்பத்திலேயே தள்ளிவைத்துவிடுகிறது. ‘எது எடுத்தாலும் அது தனக்குத் தானே சமம்’ என்று தொடங்கி, ‘ஆகவே ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று அதில் நிறுவிவிடலாம். பேச்சுக்கு எடுத்துக்கொள்ளும் களத்தில் குறைந்தது ஒரு பொருளாவது இருக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வதால் வருகிற விளைவு அது. உலகத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதை எட்டிப் பார்த்துத்தானே சொல்லவேண்டும், தர்க்கம் எப்படி வீட்டுக்குள் உட்கார்ந்தபடி சொல்லலாம்? ரஸ்ஸலுக்கே இது உறுத்தியது. தாமும் ஒயிட்ஹெட்டும் அமைத்த தர்க்க முறையில் இருந்த இந்த அம்சம் தர்க்கத்தின் தூய்மைக்கு ஒரு குறை என்று 1919இல் எழுதினார். பிற்பாடு காலியான களத்தையும் அனுமதிக்கும் தர்க்கங்களைக் கட்டினார்கள். குவைன் 1954இல் அதைப் பற்றி எழுதினார்.

அந்தக் காலிக் களத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இரண்டே விதிகள். ‘எல்லாம் இப்படி’ என்று தொடங்கும் வாக்கியம் எல்லாம் மெய். ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்று சொல்லும் வாக்கியம் எல்லாம் பொய். முதல் விதி விசித்திரமாகத் தெரிந்தால் பதிவேட்டுக்குத் திரும்புங்கள். எல்லாரும் வந்துவிட்ட நாளில் ஒருவன் “இன்றைக்கு வராதவன் எல்லாம் காய்ச்சலில் படுத்திருக்கிறான்” என்றால் அவன் சொன்னது பொய் என்று எப்படிக் காட்டுவீர்கள்? காய்ச்சல் இல்லாமல் வராமல் இருக்கும் ஒருவனைக் காட்டவேண்டும். வராதவனே இல்லையே. ஆகவே பொய் என்று காட்ட வழியில்லை. தர்க்கம் அதை மெய் என்றே வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது விதியை இப்போது நம் வாக்கியத்தின் மேல் வையுங்கள். ‘இன்மை இருக்கிறது.’ இது ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்ற வகை. ஒன்றுமே இல்லாத உலகத்தில் அந்த வகை வாக்கியம் எதுவும் மெய்யாகாது. எனவே இன்மை முழுசாக ஆட்சி செய்கிற அந்த ஒரே உலகத்தில்கூட ‘இன்மை இருக்கிறது’ என்பது பொய். ‘ஒன்றும் இல்லை’ என்பது மட்டும் மெய். முதல் வாக்கியம் ஒரு பொருளை உள்ளே கொண்டுவருகிறது, இரண்டாவது கொண்டுவரவில்லை. இதை முதன்முறை தாளில் எழுதிப் பார்த்த அன்று வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்மெனிடஸ் பாதி சரி. இன்மை என்ற பொருளைச் சுட்ட முடியாது. ஆனால் ‘இல்லை’ என்று மெய்யாகச் சொல்ல, அப்படி எதையும் சுட்டவேண்டியதில்லை. அப்படி ஓர் உலகம் ஏன் அமையாமல் இந்த உலகம் அமைந்தது என்று 1714இல் லைப்னிட்ஸ் கேட்டாரே, அது வேறு கேள்வி. அதைத் தர்க்கம் தொடாது.

முழு இன்மை போகட்டும். ‘இதன் இன்மை, இங்கே’ என்று சொல்கிறோமே, அது இருக்கிறதா? இந்தக் கேள்வியில் இந்தியத் தர்க்கவாதிகள் பல நூற்றாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, அடுக்கும்போது ‘அபாவம்’ என்பதும் ஒன்றாக வருகிறது. இல்லாமையை அறிவதும் அறிவின் ஒரு வழி என்று கொண்ட மரபு அது.

நியாயம், வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவ மரபுகளைச் சேர்ந்தவர்கள் அபாவத்தைப் பதார்த்தங்களில் ஒன்றாகவே, அதாவது உள்ளவற்றில் ஒரு வகையாகவே சேர்த்தார்கள். ஒரு பானையை வைத்து அவர்கள் சொல்லும் நான்கு வகையையும் பார்த்துவிடலாம். குயவர் வனைவதற்கு முன் மண்ணில் பானை இல்லை. அது முன்னின்மை, வனைந்ததும் முடிந்துபோகும். பானை உடைந்தபின் வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. காற்றில் நிறம் இல்லை என்பது என்றைக்கும் உள்ள இன்மை. பானை துணி அல்ல என்பது நான்காவது. இந்த நான்காவதைத் தமிழ் இலக்கணக்காரர்கள் ‘அன்மை’ என்று தனியாகவே பிரித்தார்கள். ‘பால் இல்லை’ என்பது இன்மை. ‘இது பால் அல்ல’ என்பது அன்மை. முன்னதில் பாத்திரம் காலி. பின்னதில் ஏதோ இருக்கிறது, மோரோ சுண்ணாம்புத் தண்ணீரோ. பிளேட்டோ பார்மெனிடஸுக்குப் பதில் சொல்ல முயன்றபோது, ‘இது அதுவல்ல’ என்பதற்குப் பொருள் ‘இது அதிலிருந்து வேறு’ என்பதே என்று காட்டினார். அந்த வேறுபாடு நமக்கு ஒரு சொல்லிலேயே கிடைக்கிறது. இப்போது எழுத்திலும் ‘அல்ல’ வரவேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்றே போட்டுவிடுகிறோம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

நியாயத்தார் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். இன்மை என்றால் எது இல்லை, எங்கே இல்லை என்று இரண்டும் சொல்லவேண்டும். இல்லாத அந்தப் பொருள் வேறெங்காவது உள்ளதாகவும் இருக்கவேண்டும். அப்படியானால் முயற்கொம்பு? கிடைக்காததை எல்லாம் நாம் ‘முயற்கொம்பு’ என்கிறோமே, அது எங்குமே கிடையாதே. அவர்கள் விடை: முயல் உண்டு. கொம்பு உண்டு, மாட்டின் தலையில். முயலின் தலையில் கொம்பு இல்லை என்பதே அதன் பொருள். ரஸ்ஸல் பிரான்ஸ் மன்னரைப் பிரித்துப்போட்ட அதே கைவேலை, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே.

வேதத்துக்கு விளக்கம் சொல்லும் மரபினரான மீமாம்சகர்களில் பிரபாகரர் இதை ஏற்கவில்லை. தரையில் பானை இல்லை என்றால் அங்கே இருப்பது வெறும் தரைதான், பானையின் இன்மை என்று இன்னொன்று தரைமேல் உட்கார்ந்திருக்கவில்லை என்றார். அதே மரபின் குமாரிலர் கருத்து வேறு. வெறும் தரையைப் பார்ப்பது வேறு, பானை இல்லை என்று அறிவது வேறு. இரண்டாவதற்குத் தனி அறிவு வழியே வேண்டும் என்றார்.

எங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் முதல் வரவில்லை. அவன் குடும்பம் வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விட்டது என்றார்கள். பல வாரம் அவன் பெயர் வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் நான்தான் எழுந்து “வரல ஐயா” என்றேன். ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அவன் பெயருக்கு மேலே உள்ள பெயரை வாசித்தார், அடுத்து அவனுக்குக் கீழே உள்ள பெயரை வாசித்தார். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். எழுந்திருக்கத் தயாராக இருந்த நான் அப்படியே உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையும் அந்த இடம் காலி, திங்கட்கிழமையும் காலி. பிரபாகரரிடம் கேட்டால் இரண்டு நாளும் அங்கே இருந்தது வெறும் பெஞ்சுதான் என்பார். நான் குமாரிலர் பக்கம்.